கருப்பு ஓட்டிய ஜீப்

பஞ்சர் கடை கருப்பு ஓட்டாத வண்டி திருநகரைச் சுற்றி எதுவும் கிடையாது. லாரியோ டிராக்டரோ, டயர் மாட்டியதும் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். ஒரே ஒரு வண்டியில் மட்டும் அவர் உட்கார்ந்ததே இல்லை. அது செல்லம்பட்டிப் பக்கத்துக் கருத்தக்கண்ணனின் அறுபத்தெட்டாம் வருஷத்து ஜீப். இருபத்தெட்டு வருஷம் அதற்குப் பஞ்சர் பார்த்தவர், கடைக்குள் இரண்டடி நகர்த்துவதென்றாலும் வெளியே நின்று ஸ்டியரிங்கைப் பிடித்துத் தள்ளித்தான் நகர்த்துவார். ஏறாதே என்று கருத்தக்கண்ணன் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கருத்தக்கண்ணன் செத்த பிறகு மகன் அழகுபாண்டிக்கு ஜீப் பைத்தியம் பிடித்தது. புதுப் பெயின்ட், புது சீட் எல்லாம் போட்டு முடித்துவிட்டு, கருப்புவிடம் வந்து போனில் படம் காட்டினான். அகலமான டயர், பளபளக்கும் அலாய் வீல்.

"இந்த மாதிரி வேணும் கருப்பு. பாக்குறவன் மிரளணும்."

தன் அப்பன் வயதுக்காரரை அவன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

"நீங்கதான் மிரளுவீங்க சின்னய்யா. இதுல பவர் ஸ்டியரிங் கிடையாது. இம்புட்டு அகலம் போட்டா திருப்பையில தோளு கழண்டுரும். முழுசா ஒடிச்சா ஸ்பிரிங் பட்டையில டயரு உரசும். ஒல்லி டயருதான் சேத்தைக் கிழிச்சுட்டுப் போயி அடியில கெட்டித் தரையப் பிடிக்கும். இரும்பு வீலு, ஆறுக்குப் பதினாறு டயரு. வேற எதுவும் இதுக்கு ஆகாது."

"சரி, நீயே பாத்துப் போடு. உனக்கு என்ன வேணும், கேளு."

புது டயர் போட்டால் நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்புவது எங்கள் பக்கத்து வழக்கம். கருப்பு அதைத்தான் கேட்டார்.

"பழத்து மேல நான் ஏத்தணும் சின்னய்யா. ஒரே ஒரு தடவை."

"அம்புட்டுத்தானா? நீதான் ஓட்டுற. நான் சொன்னா சொன்னதுதான்."

அதன் பிறகு இரண்டு மாதம் அந்த மனுஷன் தூங்கினாரா என்று எனக்குச் சந்தேகம். சிம்மக்கல்லில் பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். கிடைத்த வீலை என் பட்டறையில் மாட்டிச் சுற்றவிட்டு, ஓரத்தில் சாக்பீஸைப் பிடிப்பார். ஓரிடத்தில் மட்டும் கோடு விழுந்தால் வீல் கோணல் என்று அர்த்தம். அப்படிப் பதினொன்றைக் கழித்து ஐந்தை எடுத்தார். டயர்க் கடையில் தேதியைப் பார்த்து, ரப்பரை நகத்தால் கீறி, இரண்டு ஜதையைத் திருப்பி அனுப்பினார்.

"பொண்ணு பாக்கப் போனப்பகூட நீ இம்புட்டு பாத்திருக்க மாட்ட" என்றேன்.

"அவளும் என்னயச் சாக்பீஸ் வச்சுப் பாக்கலையே சோணை" என்று சிரித்தார். அத்தனை சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

பூஜைக்கு என் பைக்கில்தான் கூட்டிப்போனேன். வெள்ளைச் சட்டை, மனைவி ஒச்சம்மாள் தேய்த்துக் கொடுத்தது. அழகுபாண்டி வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். கருப்பு குனிந்து நான்கு பழத்தையும் வைத்தார். சூடம் காட்டி முடிந்ததும் ஜீப்பில் ஏறக் காலைத் தூக்கினார்.

"அழகு, அது உங்கப்பா உக்காந்த எடம்டா" என்றாள் அழகுபாண்டியின் அம்மா.

கருப்பு காலைக் கீழே வைத்தார்.

"சொன்ன சொல்லு மாற மாட்டேன்மா" என்றான் அழகுபாண்டி. சொன்னபடியே நடந்தான், பாவி. டிரைவர் சீட்டின் மெத்தையைத் தன் கையாலேயே தூக்கி எடுத்து வீட்டுக்குள் கொடுத்தனுப்பினான். அதற்குக் கீழே வெறும் பெட்ரோல் டேங்கின் தகரம். காலையிலிருந்து வெயிலில் காய்ந்த தகரம்.

"ஏறு கருப்பு" என்று சாவியை நீட்டினான்.

சாவியை வீசிவிட்டு வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஏறினார். மெத்தை இல்லாததால் தாழ்ந்து போய், ஸ்டியரிங்குக்கு மேலே கழுத்தை எக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. யாரோ சிரித்தார்கள். பழம் நான்கும் நசுங்கின. தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்து நிறுத்தினார்.

"ஆட்டமே இல்ல சின்னய்யா. நல்லாப் போகுது."

"பாத்தீகளா, சொன்னதச் செஞ்சுட்டேன்ல?" என்றான் அழகுபாண்டி. கூட்டம் கைதட்டியது. கருப்பு அங்கேயே நிற்கும்போது அவன் அம்மா மஞ்சள் தண்ணீரை ஊற்றித் தகரத்தைக் கழுவினாள். மெத்தை திரும்பி வந்தது. எனக்கு ஒரு கிளாஸ் கலர் கொடுத்தார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்காமல் அதைக் குடித்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திரும்பும்போதும் என் பைக்தான். அவர் பின் சீட்டில் உட்கார முடியாமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு கால்வைக்கும் கம்பியிலேயே நின்று வந்தார். வீட்டு வாசலில் ஒச்சம்மாள் காத்திருந்தாள்.

"ஓட்டுனீகளா?"

"ஓட்டுனேன்."

"அப்படி என்னதேன் இருக்கு அந்த வண்டியில? எப்படி இருந்துச்சு?"

கருப்பு என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி சொன்னார்.

"சீட்டு நல்லா மெத்துனு இருந்துச்சுடி."