அவனுக்கு மாத்திரை கொடுத்த மாதங்கள்

முதல் நாளே அவன் என் கட்டைவிரலைக் கடித்துத் துளைத்தான். சிங்கப்பூரில், தேக்காவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் என் மனைவி ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறாள். நான் ஓய்வு பெற்ற மறுவாரம் அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வெட்டிப்போட்ட துணிக்குவியலின் மேல் செம்பட்டை நிறத்தில் ஒரு கடுவன் பூனை படுத்திருந்தது. குனிந்து தலையைத் தொட்டதுதான் தாமதம், விரலின் இரண்டு பக்கமும் பல் இறங்கியது. உதறினேன். விரலோடு சேர்ந்து தொங்கினான்.

“அவனைத் தொடாதீங்க,” என்றாள் மனைவி, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். “அவனா வந்தாத்தான் வருவான்.”

பின்சந்திலிருந்து எப்போதோ படியேறி வந்தவன். எலிகளைக் கொன்று தலையை மட்டும் படிக்கட்டில் போட்டு வைப்பான். அந்தச் சந்தின் மற்ற கடுவன்களை ஒவ்வொன்றாக அடித்துத் துரத்தியிருந்தான். அந்தச் சண்டைகளில் அவனுக்கு ஒரு காது பாதி போயிருந்தது. மனைவி அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. ‘அவன்’ என்றால் அவன்தான்.

நான் இருபத்தெட்டு வருடம் சிறை அதிகாரியாக வேலை பார்த்தவன். அறைக்குள்ளிருந்து வெளியே வர மறுக்கும் ஒருவனை எப்படி அடக்கிக் கொண்டுவருவது என்பதில் எனக்குப் பயிற்சி உண்டு. ஐந்து பேர் உள்ளே போவோம். நால்வருக்கு ஆளுக்கொரு கையோ காலோ. ஐந்தாமவனுக்குத் தலை. பெரும்பாலும் தலை எனக்குத்தான் வரும். முகத்தில் துப்புவார்கள், கடிப்பார்கள், தன் மலத்தையே எடுத்து வீசியவன்கூட உண்டு. எதற்கும் அசராமல் தலையைத் தரையோடு பிடித்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்காருவேன். அதை ஒரு திறமை என்றே நினைத்திருந்தேன்.

ஆண்டு இறுதி மழையில் அவன் வாந்தியெடுக்க ஆரம்பித்தான். தீபாவளிக்குக் கொழுத்திருந்தவன், பொங்கலுக்குள் முதுகெலும்பு வரிசையாகத் தெரிய இளைத்துப்போனான். தோல் கையுறை மாட்டிக்கொண்டு அவனைக் கூண்டில் திணித்து, காத்தோங்கில் இருந்த விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோனோம். டாக்டர் முப்பது வயதுக்கு மேல் இருக்கும் தமிழ்ப்பெண். ஸ்கேன் எடுத்து, குடலிலிருந்து சிறு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பி, பத்து நாள் கழித்து எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“குடல்ல லிம்ஃபோமா. கேன்சர்தான் அங்கிள். ஆனா இது மெதுவா வளர்ற டைப். ட்ரீட்மெண்ட் இருக்கு.”

“குணமாயிடுமா?” என்றாள் மனைவி.

“ஆகாது ஆன்ட்டி. இருக்கிற வரைக்கும் அவன் நல்லா இருக்கணும். அதுதான் நம்ம டார்கெட். நாளை நீட்டுறது மட்டும் இல்ல.”

தினமும் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் புற்றுநோய் மாத்திரை. இரண்டாவதைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. டாக்டர் ஒரு வெள்ளைத்தாளையும் கொடுத்தார். அவனுக்குப் பிடித்த நான்கு விஷயங்களை எழுதி வைக்கச் சொன்னார். அவற்றில் இரண்டை அவன் விட்டுவிட்டால் உடனே தன்னிடம் வர வேண்டும் என்றார். மனைவி அங்கேயே எழுதினாள்: பின்படியில் காலை வெயில், நெத்திலி, துணிக்குவியல், சண்டை. கடைசி வார்த்தையைப் பார்த்து டாக்டர் சிரித்தார்.

வைத்தியத்துக்காக அவனைச் செம்பவாங்கில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மாத்திரை கொடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யூடியூபில் நாலைந்து வீடியோ பார்த்தேன். அவை தேவையே இல்லை என்று தோன்றியது. ஆறு கிலோகூட இல்லாத ஒரு பூனை.

காலை ஏழு மணிக்குத் துண்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு போவேன். மேலே போட்டுச் சுருட்டுவேன். முழங்கால்களுக்கு நடுவில் இறுக்குவேன். பிடரியைப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்து, தாடை மூட்டில் விரலை அழுத்தினால் வாய் திறக்கும். மாத்திரையைத் தொண்டைக்குள் தள்ளி, வாயை மூடிப் பிடித்து, அவன் விழுங்கும்வரை விடமாட்டேன். அவன் எழுப்பும் ஓசை பூனையின் ஓசைபோலவே இருக்காது. துண்டுக்குள்ளேயே மூத்திரம் போய்விடுவான். பின்கால் நகம் துண்டைக் கிழித்துக்கொண்டு என் வயிற்றில் இறங்கும். அவனை விட்டபிறகு என் கையிலிருந்து ரத்தம் சொட்டும். “உள்ள போயிடுச்சு,” என்று மனைவியிடம் சொல்வேன். காலண்டரில் ஒரு டிக் போடுவேன்.

இரண்டாவது வாரத்தில் மருந்து அலமாரியின் இழுவறைச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடினான். மூன்றாவது வாரத்தில் நான் அறைக்குள் நுழைந்தாலே ஓடினான். பின்காலைப் பிடித்து இழுப்பேன். நகத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டே வருவான். ஒரு நாள் ஒரு நகம் பிய்ந்து தரையில் கிடந்தது. வாந்தி குறைந்திருந்தது, உண்மைதான். ஆனால் சாப்பிடவும் குறைத்துவிட்டான். நாங்கள் இருவரும் அறையை விட்டு வெளியே போன பிறகே தட்டைத் தேடி வந்தான்.

“அவன் பயப்படுறான்ங்க,” என்றாள் மனைவி.

“பயந்தா பயப்படட்டும். உயிரோட இருக்கணும்ல?”

ஒரு காலையில் என் மணிக்கட்டில் ஆழமாகக் கடித்துவிட்டான். மாலைக்குள் முழங்கை வரை சிவந்து வீங்கியது. மருத்துவமனையில் மூன்று நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். அந்த மூன்று நாளும் மாத்திரை கொடுக்கப்படவில்லை. கட்டோடு வீட்டுக்கு வந்தபோது எனக்குள் இருந்த கோபம் சிறையில்கூட நான் அறியாதது. அங்கே எவன் மேலும் எனக்குத் தனிப்பட்ட கோபம் இருந்ததில்லை. இவனுக்கு நான் உயிர் கொடுக்கிறேன், இவன் என் கையைக் கிழிக்கிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை மனைவியைத் துண்டைப் பிடிக்கச் சொன்னேன். ஒரு கையால் தாடையைத் திறக்கப் பார்த்தேன். அவன் திமிறி அவள் முகத்தில் அறைந்தான். புருவத்திலிருந்து கன்னம் வரை மூன்று கோடு. அவள் கண்ணைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் ரத்தம் வந்தது.

நான் அவனை அடித்தேன். புறங்கையால், முழு வீச்சில். அவன் பறந்து போய் அலமாரிக் கதவில் மோதி விழுந்தான். எழுந்தான், கால்கள் பின்னின, மறுபடி விழுந்தான். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அப்படியிருந்தும் அவனை நோக்கி நான் இன்னொரு எட்டு வைத்தேன். இதை எழுதாமல் விட முடியாது. நிறுத்துவதற்காக வைத்த எட்டல்ல அது.

மனைவி எனக்கு முன்னால் விழுந்து அவனை வாரிக்கொண்டாள். அவன் அவள் தோளைக் கிழித்தான். அவள் விடவில்லை. படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கதவைத் தட்டினேன்.

“மருந்து வேணாம்,” என்றாள் உள்ளிருந்து. “அவன் நோய்ல சாகட்டும். உங்க கையால சாக வேணாம்.”

அரை மணி நேரம் கழித்துக் கூண்டோடு வெளியே வந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. நானாகவே டாக்சியில் முன் இருக்கையில் ஏறிக்கொண்டேன். காத்தோங்குக்கு அவளே வழி சொன்னாள்.

டாக்டர் அவனைப் பரிசோதித்தார். எலும்பு முறியவில்லை. உதடு கிழிந்திருந்தது, ஒரு பல் ஆடியது. “எப்படி ஆச்சு?” என்று கேட்டார்.

விழுந்துவிட்டான் என்று சொல்லலாம் என நினைத்தேன். மனைவி முகத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. “நான் அடிச்சேன்,” என்றேன்.

டாக்டர் பூனையிலிருந்து கையை எடுத்தார். பிறகு மனைவியிடம் மட்டும், “ஆன்ட்டி, உங்களுக்கு வீட்டுல சேஃபா இருக்கா?” என்று கேட்டார். இருபத்தெட்டு வருடம் சீருடை போட்டவன் முன்னால் கேட்கப்பட்ட கேள்வி அது. மனைவி உடனே பதில் சொல்லாமல் யோசித்தாள். அந்த யோசனையை நான் மறக்கவில்லை.

“இருக்கு,” என்றாள். “என்னை அடிச்சதில்ல.”

“பூனை இங்கயே ஒரு வாரம் இருக்கட்டும்,” என்றார் டாக்டர். அது ஆலோசனையாக இல்லை, உத்தரவாக இருந்தது. “அங்கிள், நீங்க போகலாம். கத்துக்கணும்னு தோணுச்சுனா புதன்கிழமை வாங்க.”

புதன்கிழமை போனேன். டாக்டர் திட்டத்தையே மாற்றியிருந்தார். புற்றுநோய் மாத்திரையை அளவு கூட்டி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கிளினிக்கிலேயே கொடுத்துவிடலாம். ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் வீட்டில். அதையும் பூனைக்கென்று சிறு குழாயில் வரும் மீன் விழுதுக்குள் பொதிந்து, தட்டில் வைத்துவிட்டு விலகி உட்கார வேண்டும்.

“துப்பிட்டான்னா?”

“துப்பட்டும். சாயங்காலம் ட்ரை பண்ணுங்க. ஒரு நாள் மிஸ் ஆனா ஒண்ணும் ஆகாது லா. ரெண்டு நாள் சேந்தாப்ல போனா எனக்கு ஃபோன் பண்ணுங்க. பிடிக்க மட்டும் கூடாது.”

“பிடிக்காம எப்படி டாக்டர்?” என்று உண்மையாகவே கேட்டேன். எனக்குத் தெரியாது.

அவனை மறுபடி கடைக்கே கொண்டுபோனோம். மனைவி வைத்த நிபந்தனை அது. நான் தினமும் காலையில் ரயிலேறிப் போய், மாடிப்படிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருப்பேன். தட்டு எனக்கு மூன்று கை தூரத்தில் இருக்கும். முதல் நாட்களில் அவன் துணிக்குவியலுக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு உறுமினான். மனைவி வெளியே போகச் சொன்னதும் போவேன். தட்டு காலியாகும். பிறகு நான் கதவோரம் நின்றிருந்தாலும் தின்றான். ஆறாவது வாரத்தில் நான் இருக்கும்போதே வந்து நக்கினான், கண்ணை என் கைகளிலிருந்து எடுக்காமல். கைகளை அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொள்ளப் பழகியிருந்தேன்.

எடை ஏறியது. மே மாதம் வைசாக விடுமுறையை ஒட்டி ஒரு காலையில் பின்சந்திலிருந்து ஒரு கறுப்புக் கடுவன் படியேறி வந்தது. இவன் படியில் வெயிலில் படுத்திருந்தான். நான் எழுவதற்குள் இரண்டும் பந்தாகச் சுருண்டு படிக்கட்டில் உருண்டன. முடி பறந்தது. கறுப்பன் இவன் கழுத்தைக் கவ்வ, இவன் அடியில் கிடந்து பின்கால்களால் அதன் வயிற்றை உதைத்துக் கிழித்தான். நான் வாளியில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றவில்லை. கறுப்புக் கடுவன் அலறிக்கொண்டு ஓடியது. இவன் கழுத்தில் ரத்தத்தோடு படியேறி வந்து, அதே வெயிலில் படுத்து, உறுமலை நிறுத்தாமலே தன்னை நக்கிக்கொண்டான்.

கிளினிக்கில் ஆறு தையல் போட்டார்கள். “இந்த மருந்து சாப்பிடுறவனுக்கு இன்ஃபெக்‌ஷன் ஆனா பெரிய பிரச்சனை ஆயிடும்,” என்று டாக்டர் கடிந்துகொண்டார். பிறகு அந்த வெள்ளைத்தாளை வாங்கிப் பார்த்தார். “நாலுக்கு நாலு,” என்றார்.

அன்று திரும்பும் வழியில் மனைவி பேசினாள். “அன்னைக்கு டாக்டர் கேட்டாங்கல்ல, நான் ஏன் யோசிச்சேன் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரியாது. நீங்க அடிச்சதுக்காக இல்ல. அடிச்ச பிறகும் அவனைப் பாத்து ஒரு எட்டு வெச்சீங்க பாருங்க, அப்ப உங்க மூஞ்சியை நான் பாத்தேன்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதினான்கு மாதம் நன்றாக இருந்தான். என்னிடம் கடைசிவரை ஒட்டவில்லை. ஒரே ஒருமுறை என் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்கினான், கால் மரத்துப்போகும்வரை நான் அசையவில்லை. அதற்குப் பிறகு நோய் மருந்தை மீறியது. வாரம் ஒருமுறை ஊசி, அடிக்கடி ரத்தப் பரிசோதனை என்று இன்னொரு வழி இருப்பதாக டாக்டர் சொன்னார். சில வாரங்கள் கிடைக்கலாம். ஒவ்வொரு முறையும் யாராவது அவனைப் பிடித்து அழுத்த வேண்டியிருக்கும்.

“வேணாம்,” என்றேன். மனைவிக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.

நெத்திலியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். ஒரு வியாழக்கிழமை வெயிலுக்கும் போகவில்லை; தாளில் இருந்த நான்கில் இரண்டு போயிற்று. அன்று மாலையே டாக்டர் கடைக்கு வந்தார். முதல் ஊசி மயக்கத்துக்கு. துணிக்குவியலில் படுத்திருந்தவன் ஊசி பட்டதும் பல்லைக் காட்டிச் சீறினான். அந்த எலும்புக்கூட்டுக்குள் அவ்வளவு சத்தம் மிச்சம் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தலை சாய்ந்தது. இரண்டாவது ஊசிக்கு முன், தொடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். தலையசைத்தார். பிடரியில் கை வைத்தேன், பாரமில்லாமல். மூச்சு நின்ற பிறகும் அங்கே சூடாக இருந்தது.

மனைவி மேசையிலிருந்து கைக்கு வந்த துணியை எடுத்து அவனைச் சுற்றினாள். அது ஒரு கல்யாண ரவிக்கைக்கு வந்திருந்த பச்சைப் பட்டில் மிச்சம். மறுவாரம் வந்த பெண் ரவிக்கையைப் போட்டுப் பார்த்துவிட்டு, மீதித் துணி எங்கே என்று கேட்டாள். எலி கடித்துவிட்டது என்றாள் என் மனைவி.