மைக்கில் கேட்ட குறட்டை

கல்யாணமாகி வந்த புதிதிலேயே என் கணவரின் குறட்டையைப் பற்றி மாமியாரிடம் சொன்னேன். "ஒழைக்கிற ஆம்பளைன்னா அப்படித்தாம்மா. ஒங்க மாமா குறட்டை விட்டா தெருமுக்கு வரைக்கும் கேக்கும்" என்றார், பெருமையாக. அந்த மாமாவை நான் பார்த்ததில்லை. ஐம்பது வயதுகூட ஆகாமல் தூக்கத்திலேயே போய்விட்டார். கொடுத்து வைத்த சாவு என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.

சத்தம் எனக்குப் பழகிவிட்டது. அது நிற்பதுதான் பழகவில்லை. கனமாக இழுத்துக்கொண்டிருக்கும் குறட்டை சட்டென்று அறுந்துபோகும். நெஞ்சு எக்கும், மூச்சு வராது. நான் உலுக்கப் போகும்போது, கிணற்றில் முங்கி எழுந்தவர்போல ஒரு திணறலோடு மறுபடி ஆரம்பிப்பார். காலையில் சொன்னால், "நீ தூங்காம எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தியாக்கும்?" என்பார். போனில் பதிவு செய்து போட்டுக் காட்டினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "யாரு இது?" என்றார். எங்கள் படுக்கையறையில் வேறு யார் இருந்ததாக அவர் நினைத்தாரோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மூக்கில் நெய் விட்டோம். தேன் கொடுத்தோம். தலையணையை மாற்றினோம். சின்ன மாமியார் ஒருவர், "நீ காதுல பஞ்ச வச்சிக்கிட்டுப் படு தாயி" என்றார். நோயாளி நான்தான் என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

எழும்போதே அவருக்குத் தலைவலி இருக்கும், வாய் வறண்டு கிடக்கும். மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை. எம். புதுப்பட்டியில் இருக்கும் எங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு ஆர்டர் பேச வந்தவர்கள் முன்னாலேயே கண் சொருகிவிடும். விலையை விட்டுக்கொடுக்காத தந்திரம் என்று நினைத்து வடநாட்டு வியாபாரிகள் மிரண்டார்கள். ஒருநாள் விருதுநகர் ரோட்டில் காரைக் கருவேலம்புதருக்குள் விட்டார். மாடு குறுக்கே வந்தது என்று எல்லோரிடமும் சொன்னார். பக்கத்து சீட்டில் நான்தான் இருந்தேன். எந்த மாடும் வரவில்லை.

சீசனுக்கு முன்னால் கம்பெனியில் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புக் கூட்டம் நடந்தது. முதலாளி என்ற முறையில் இவர்தான் முதலில் பேசினார். "வெடிமருந்து வேலையில கண் அசந்தா போச்சு. எப்பவும் முழிப்பா இருக்கணும்" என்று முழங்கிவிட்டு உட்கார்ந்தார். தீக்காயத்துக்கு முதலுதவி செய்வதைப் பற்றி அடுத்து ஒரு பெண் டாக்டர் பேசினார். அவர் நின்றபடி வேறு மைக்கில் பேச, என் கணவர் முன்னால் இருந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்கக் குறட்டை கேட்டது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு குறட்டை நின்றது. சிரிப்பும் நின்றது.

"ஏலே, மொதலாளிக்கு என்னலே ஆச்சு?" என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்தே விட்டார். அப்போது ஸ்பீக்கரில் அந்தத் திணறல் வெடித்தது. பட்டாசு வெடித்தாலும் அசையாத ஆட்கள் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் டாக்டர் நேராக என்னிடம் வந்தார். "வீட்லயும் இப்படி மூச்சு நிக்குதா?"

"தெனமும் நிக்குது டாக்டர். கல்யாணம் ஆனதிலருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் என் கணவரிடம் திரும்பினார். "இது வெறும் குறட்டை இல்லீங்க. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைச்சிருது. மூச்சு நிக்க, மூளை எழுப்பிவிட, திரும்ப நிக்க, ராத்திரி பூரா இதே கதை. பகல்ல தூக்கம் வராம என்ன செய்யும்? பிரஷர் எறங்காததுக்கும் இதே காரணமா இருக்கலாம். மதுரையில டெஸ்ட் எடுத்துருங்க. அதுவரைக்கும் வண்டி ஓட்டாதீங்க."

"இம்புட்டு நாளா யாருமே எங்கிட்ட சொல்லலையே டாக்டர்" என்றார் என் கணவர்.

மதுரையில் தலையிலும் நெஞ்சிலும் வயர்களை ஒட்டி ஓர் இரவு தூங்கவைத்துப் பார்த்தார்கள். நோய் கடுமையாகவே இருந்தது. கழுத்து தடித்தவர்களுக்கு இது அதிகம் வரும் என்றார்கள். எடையைக் குறைக்கச் சொல்லி, மூக்கில் மாட்டுகிற மாஸ்க்கோடு ஒரு மெஷினும் கொடுத்தார்கள். தொண்டை மூடிக்கொள்ளாதபடி அது காற்றை அழுத்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் இவர் பாதித் தூக்கத்தில் பிடுங்கி எறிந்தார். மாமியாரோ, "எம்பிள்ளைக்கு மூக்குல மோட்டாரை மாட்டிட்டாளே" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் புலம்பினார்.

"மாமாவுக்கும் ஒருத்தர் மாட்டி விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும் அத்தை" என்றேன்.

  மறுநாளிலிருந்து மாலையானால், காற்று வறளாமல் இருக்க மெஷினில் ஊற்ற வேண்டிய தண்ணீரை மாமியாரே எடுத்து வைத்தார்.

சில வாரங்களில் தலைவலி போனது. பிரஷர் இறங்கியது. டாக்டர் சரி என்ற பிறகு காரையும் எடுத்தார். இப்போது கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்களின் கழுத்தைத் தடவிப் பார்த்து, "தடிச்சிருக்குய்யா, டெஸ்ட் எடுத்துரு" என்கிறார். "எனக்கே ஒரு சந்தேகம் வந்துச்சு. நானாத்தான் மதுரைக்குப் போனேன்" என்று அவர் சொல்லும்போது எல்லோரும் அவருடைய அறிவை மெச்சுகிறார்கள். நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருப்பேன்.

நானும் நன்றாகத் தூங்குகிறேன். பகல் முழுக்க விழித்திருக்கும் கணவரோடு குடும்பம் நடத்துவதுதான் புதிதாக இருக்கிறது. முன்பெல்லாம் குழம்பில் உப்புக் கூடினாலும் கண் சொருகியபடியே சாப்பிட்டு எழுந்துவிடுவார். இப்போது அடுப்படிக்கே வந்து நின்று, புளி கரைப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.