அக்காவின் தண்ணீரும் சித்தப்பாவின் தண்ணீரும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்கள் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். வெறும் வெள்ளைத் தாள். அச்சகத்தார் மறந்துவிடவில்லை. அங்கே முழுப்பக்க விளம்பரம் ஒன்று வருவதாக இருந்தது. அதை நான்தான் வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்லாமல் அக்காவின் வாழ்க்கையை எழுத எனக்குத் தெரியவில்லை. முதலாம் ஆண்டு நினைவு நாளில் இதெல்லாம் எதற்கு என்று நினைப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அங்கே குடும்பப் படங்கள் இருக்கின்றன.

அக்கா மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்புறம் ஒரு சந்து வீட்டில் பிறந்தார். அவர் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது அப்பா காலமானார். அப்பாவின் தம்பியான எங்கள் சித்தப்பா, அம்மாவையும் எங்கள் இருவரையும் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டார். அதை நான் மறுக்கவில்லை. மறக்கவும் முடியாது, அவர் விட்டால்தானே?

வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, அக்கா ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அதன் பெயரை இங்கே போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். காரணம் பிறகு புரியும். அக்காவின் துறை நிறமாலையியல். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஒரு பொருளுக்குள் செலுத்தி, எந்த ஒளியை அது விழுங்குகிறது என்று பார்த்து, உள்ளே மூலக்கூறுகள் எப்படி இருக்கின்றன என்று கண்டறியும் வேலை. அந்தத் துறையில் மற்றவர்களுக்குத் தண்ணீர் என்றால் தொல்லை. கொஞ்சம் ஈரம் இருந்தாலும் வரைபடத்தில் அகலமாக வந்து உட்கார்ந்து, தேடுவதை மறைத்துவிடும். பொருளை வைக்கும் தகடே உப்பால் ஆனது; ஈரம் பட்டால் கரைந்துபோகும். அக்கா அந்தத் தொல்லையையே எடுத்துக்கொண்டார். தண்ணீர் தண்ணீராக இருப்பது எப்படி? இந்த ஒரு கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் இருட்டறையில் லேசரோடு உட்கார்ந்திருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வருத்தப்பட்டதும் இல்லை.

சொந்தக்காரர்களுக்கு இதெல்லாம் ஏறவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். "எங்க ஃபிளாட் போர் தண்ணி, குடிக்கலாமான்னு பாத்துச் சொல்லேன்." அக்கா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். தெரிந்த பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து முடிவையும் வாங்கித் தருவார். பாட்டில் நீட்டிய ஒருவராவது, நீ செய்கிற வேலைதான் என்ன என்று கேட்டதில்லை.

கேட்டவர் சித்தப்பா ஒருவர்தான். பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அக்காவுக்கு அன்று எவ்வளவு சந்தோஷம்! சில மாதங்களில் அவர் தியாகராய நகரில் ஒரு கடை திறந்தார். மந்திரத்தைக் காதில் வாங்கி ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும் தண்ணீராம். அதைத் தருகிற மிஷினாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி எல்லாம் போய்விடுமாம். துண்டறிக்கையில் அக்காவின் படம். கீழே, 'தண்ணீர் விஞ்ஞானி ஆராய்ந்து சொன்ன உண்மை.' சித்தப்பாவிடம் சொன்னதையெல்லாம் தலைகீழாக்கிப் போட்டிருந்தார்கள்.

அக்கா போய்க் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

"போட்டோதானே போட்டிருக்கேன் பாப்பா? கொலையா பண்ணிட்டேன்? நம்ம வீட்டுப் பொண்ணு நமக்கு உதவாம ஊரானுக்கா உதவும்?"

"தண்ணிக்கு ஞாபகம்லாம் கிடையாது சித்தப்பா. நான் இத்தனை வருஷமா பாத்துக்கிட்டிருக்கறதே அதைத்தான். படத்தை எடுத்துடுங்க."

எடுக்கிறேன் என்றார். எடுக்கவில்லை. நிறுவனம் மட்டும் அக்காவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது. பொய் அச்சடித்தவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடையாறில் அக்கா வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். சண்டைக்கு வரவில்லை, சந்தேகம் கேட்க வந்திருந்தார்.

"எம் பொண்டாட்டிக்கு சுகரும்மா. மூணு மாசமா அந்தத் தண்ணிதான் குட்ச்சிக்கினு கீது. கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது. இன்னும் எத்தினி நாளு குடிக்கணும்?"

"மாத்திரை போடறாங்களா?"

"நிறுத்திடுச்சும்மா. நீங்கதான் அதெல்லாம் வோணாம்னு சொன்னீங்களே."

"நான் சொல்லலீங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து துண்டறிக்கையை எடுத்துப் பிரித்தார். "இது நீங்கதானேம்மா?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார். அதே ஆட்டோவில் ஏறிப் போய், அந்த அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தார். உயிர் தப்பியது. கால் போய்விட்டது.

அந்த மாதமே தியாகராய நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் புது மிஷின் அறிமுக விழா. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். சாப்பாடு நன்றாக இருந்ததாகக் கேள்வி. அக்கா நேராக மேடையேறி மைக்கைப் பிடித்தார். குடும்பத்துப் பெருமை பேச வந்திருக்கிறார் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

"பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஒரு தடவை கை குடுங்க. விடுங்க. இப்ப இந்தப் பக்கம் குடுங்க. விடுங்க. தண்ணி உள்ள இப்படித்தாங்க இருக்கு. ஒரு விநாடியை லட்சம் கோடியா கூறு போட்டா, அதுல சில கூறுக்குள்ள பிடிச்ச கையை விட்டுட்டு வேற கையைப் பிடிச்சுக்கும். நீங்க மந்திரத்தோட முதல் எழுத்தைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள எல்லாமே மாறிப்போயிருக்கும். இந்தப் படத்துல இருக்கறது நான். இந்தத் தண்ணி எந்த நோயையும் தீர்க்காது. தயவுசெஞ்சு மாத்திரையை நிறுத்தா..."

மைக்கை அணைத்துவிட்டார்கள். அணைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். இன்று முதல் பந்தியில் உட்காருவார்.

அதன்பிறகு அக்கா நன்றி கெட்டவர் ஆனார். சோறு போட்ட வீட்டில் மண் அள்ளிப் போட்டார் என்று வாய் கூசாமல் பேசினீர்கள். கல்யாணப் பத்திரிகைகள் நின்றன. தண்ணீர் பாட்டில்கள் மட்டும் நிற்கவில்லை. அவற்றை வேறு யார் கையிலாவது கொடுத்து அனுப்பினீர்கள். அக்கா அவற்றையும் பார்த்துக் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. மருத்துவமனைக்குச் சித்தப்பா வரவில்லை. தினமும் ஒரு கேன் மந்திரத் தண்ணீர் மட்டும் வந்தது. நான் அதைக் கழிப்பறையில் கொட்டப் போனேன். படுக்கையிலிருந்து அக்கா தடுத்தார்.

"ஜன்னல்ல செடி இருக்கு பாரு, அதுக்கு ஊத்து. அவர் பண்ணதுக்குத் தண்ணி என்னடி பண்ணும்?"

இப்படித்தான் போனார், யார் மீதும் கோபம் இல்லாமல். கோபம் முழுவதும் என்னிடம் இருக்கிறது.

இந்த மலரைத் தம் செலவில் அச்சிட்டுத் தருவதாகச் சித்தப்பா சொல்லி அனுப்பினார். பின்னட்டை மாதிரியும் வந்தது. 'தண்ணீரை நேசித்த மகளுக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று மேலே; நடுவில் அக்கா, அவர் தோளை உரசிக்கொண்டு அந்த மிஷின்; அடியில் கடை முகவரி. நான் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"போனவ போயிட்டா. அவ பேரு நாலு பேருக்குப் பயன்படட்டுமேம்மா."

"அவ உயிரோட இருந்தப்ப வேணாம்னு சொன்னா சித்தப்பா. செத்துப்போனதால சரின்னு சொல்லிட்டதா அர்த்தம் இல்ல."

வைத்துவிட்டேன். மலரை ராயப்பேட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் நானே அச்சடித்தேன்.

இனி நன்றி. கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. முறை வைத்துக்கொண்டு கூடவே இருந்த அக்காவின் மாணவ மாணவிகளுக்கு நன்றி. கூப்பிடாமலே தினமும் ஆட்டோவோடு வந்து நின்ற சிந்தாதிரிப்பேட்டை அண்ணனுக்கும், ஒற்றைக் காலோடு அடுப்படியில் நின்று எங்களுக்குக் கஞ்சி வைத்து அனுப்பிய அவர் மனைவிக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இருவரும் இன்று வந்திருக்கிறார்கள். சித்தப்பா அவர்கள் முகத்தைப் பார்க்கட்டும் என்றுதான் நேர் எதிரே இலை போடச் சொல்லியிருக்கிறேன்.

உங்களில் பலர் சமையலறையில் அந்த மிஷின் இருக்கிறது. அதில் அக்காவின் படம் ஒட்டியிருக்கிறது. வீட்டுக்குப் போனதும் அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அக்காவுக்கு வேறு அஞ்சலி வேண்டாம். மாத்திரையையும் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்று பந்தியில் வைத்திருப்பது லாரித் தண்ணீர். காய்ச்சி ஆற வைத்தது. தைரியமாகக் குடிக்கலாம். தண்ணீருக்கு ஞாபகம் கிடையாது என்று அக்கா சொன்னார். எனக்கு உண்டு.

தங்கை