சிரிக்க வைத்து விற்ற சேலைகள்

சேலைக் கடை வேலையில் பாதி விரிப்பது, பாதி மடிப்பது. நடுவில் யார் என்ன சொன்னாலும் முகம் மாறாமல் நிற்பதற்குத்தான் சம்பளம். நாலு பேர் முன்னால் நின்று வேலை பார்க்கிற பொம்பளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பிடிக்காத பேச்சுக்குச் சிரித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பீர்கள், என்னை மாதிரியே.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். மகளைக் காரமடையில் கட்டிக் கொடுத்து, மகனும் திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு, கோயமுத்தூரில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் சேர்ந்தேன். மாடியில் முகூர்த்தப் பட்டுப் பகுதி. மெத்தையில் உட்கார்ந்து சேலையை விரித்துப் பேசி விற்பது சென்னியப்பன். அதைக் கல்யாணப் பெண்ணின் தோளில் போட்டு, கொசுவம் வைத்துக் கண்ணாடியில் காட்டுவது நானும் ஜமீலாவும்.

ஜமீலா கோட்டைமேட்டுக்காரி, என்னைவிட இளையவள். வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்பு, வேலைக்குப் போக முடியாது. இந்தச் சம்பளத்தில்தான் மகளுக்கு ஒரு கல்யாணம் செய்து பார்க்க வேண்டும் என்று சேலை மடிக்கும்போதெல்லாம் சொல்வாள். செவ்வாய்க்கிழமை நான் கோனியம்மனைக் கும்பிட்டுவிட்டு வரும் வரைக்கும் என் வேலையையும் அவள் பார்ப்பாள். அவள் தொழப் போகிற நேரம் அவள் வேலையை நான் பார்ப்பேன்.

கண்ணாடி முன்னால்

எங்கள் பக்கத்தில் முகூர்த்தச் சேலை எடுக்க இரண்டு வீட்டாரும் வேன் பிடித்து வந்துவிடுவார்கள். எல்லாரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்துகொள்ள, பெண் மட்டும் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டும். அன்றைக்குச் சோமனூரிலிருந்து வந்த பெண் நல்ல கறுப்பு, களையான முகம். மாப்பிள்ளையின் அம்மா கை காட்டிய அரக்குச் சேலையை அவள் தோளில் போட்டேன்.

"அம்மணிக்கு இந்தக் கலரு வேண்டாமுங்க," என்றான் சென்னியப்பன். "கரண்டு போச்சுன்னா மாப்பிள்ளை டார்ச்சு லைட்டு அடிச்சுத் தேடோணுமுங்க."

ஜமுக்காளமே குலுங்கிற்று. சம்பந்தி வீட்டார் சிரிக்கும்போது சும்மா இருந்தால் தப்பாகிவிடும் என்று பெண்ணின் அம்மாவும் சிரித்தார். பெண்ணும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள். வேறு கலர் போட்டுப் பார்க்கலாமா கண்ணு என்று மெதுவாகக் கேட்டேன்.

"எதையாச்சும் போடுங்கக்கா. நான் கண்ணாடியப் பாக்கலீங்க."

டீ குடிக்கிற நேரம்

சென்னியப்பன் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இளநீர் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றவன். அவன் மெத்தைக்கு முன்னால் உட்கார்ந்த கூட்டம் சேலை எடுக்காமல் எழுந்ததில்லை. அதனால் முதலாளிக்கு அவன் வாய் என்றால் தனிப் பிரியம். புதிதாகச் சேருகிற பையன்களிடம், "சென்னியப்பனாட்டம் கலகலன்னு பேசிப் பழகுங்கப்பா," என்பார்.

டீ குடிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். "தம்பி, அந்தப் புள்ள அந்தச் சேலைய எடுக்கறப்பெல்லாம் உங்க பேச்சுத்தானுங்க நெனப்புக்கு வரும். முகூர்த்தச் சேலையாச்சே." அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். கோபமில்லை, நிஜமான ஆச்சரியம். ஜமீலா என் முந்தானையை இழுத்து, விடுங்கக்கா என்று கண்ணைக் காட்டினாள்.

"ஏனுங்கக்கா, நான் என்ன வாடி போடின்னா சொன்னேன்? அம்மணின்னுதானுங்க சொன்னேன்!"

விலை கேட்காதவர்

கோடி எடுக்க வருகிறவர்களைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிடும். புருஷன் செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் எடுத்துப் போடுகிற சேலை அது. வருகிறவர் உட்கார மாட்டார், கலர் பார்க்க மாட்டார், விலை கேட்க மாட்டார். நாங்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டு சீக்கிரம் கட்டிக் கொடுப்போம். போகும்போது, மறுபடி வாங்க என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டோம்.

தை மாதக் கூட்டத்தில் அப்படி ஒருவர் மாடிக்கு ஏறி வந்தார். தோளில் துண்டு, கால் நிறையப் புழுதி. "ஒரு நூல் சேலை குடுங்க. எதுன்னாலும் சரீங்க," என்றார். ஜமீலா அப்போதே எழுந்து கீழே நூல் சேலை எடுக்க ஓடிவிட்டாள். சென்னியப்பனுக்கு முன்னால் கூட்டம் உட்கார்ந்திருந்தது. கூட்டத்தைக் கண்டால் அவனுக்கு மற்றது எதுவும் கண்ணில் படாது.

"ஏனுங்க மாமா, வெலையும் கேக்கல, கலரும் பாக்கல. அத்தைக்குத் தெரியாம யாருக்குங்க எடுக்கறீங்க?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். அவருக்குச் சட்டென்று புரியவில்லை. எல்லாரையும் ஒரு தரம் பார்த்தார், தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டதைப் போல. ஜமீலா சேலையோடு மூச்சு வாங்க வந்து நின்றாள். அதை இரண்டு கையாலும் வாங்கித் துண்டுக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்.

"எங்கக்காளுக்குங்க. மச்சான் காத்தால போயிட்டாருங்க. பொழுதோட கொடுமுடி போயாகோணுமுங்க."

மூட்டை

அன்று மத்தியானம் சென்னியப்பன் சாப்பிடவில்லை. மறுநாள் மறுபடி கூட்டம், மறுபடி சிரிப்பு.

பிறகு தொண்ணூற்றெட்டாம் வருஷம் வந்தது. ஊரில் குண்டுகள் வெடித்தன. கடைத்தெரு மூடிக் கிடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பயம், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். சாமி கும்பிடும்போது என் மக்களுக்கு அப்புறம் ஜமீலா பேரையும் சொல்லிக் கும்பிட்டேன். கடை திறந்ததும் வேலைக்கு வருகிறவர்கள் பையை வாசலில் காட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று முதலாளி சொன்னார். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஜமீலா மட்டும் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே பையைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவின் மூடியையும் திறந்து காட்டுவாள். அவள் மகளுக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது.

வெகு நாளைக்குப் பிறகு ஒரு பெரிய கல்யாணக் கூட்டம் வந்தது. ஜமுக்காளம் நிறைந்துவிட்டது. குடோனிலிருந்து சேலை மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஜமீலா படியேறி வந்தாள். சென்னியப்பனுக்குப் பழைய உற்சாகம்.

"பாத்து எறக்குங்க ஜமீலாக்கா, வெடிச்சுக்கிடிச்சுப் போயிரப் போவுதுங்க!"

இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவதாக ஓர் அம்மா ஜமீலாவின் முக்காட்டைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், பேரனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார். ஒருவர் எழுந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியில் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். விரித்த பட்டுச் சேலைகள் அப்படியே மிதிபட்டுக் கிடந்தன. ஜமீலா மூட்டையை இறக்கவும் தோன்றாமல் நின்றாள். நான்தான் போய் அவள் தோளிலிருந்து இறக்கினேன். சென்னியப்பன் வெளுத்துப்போய், தமாசுக்குத்தானுங்க சொன்னேன் ஜமீலாக்கா, சத்தியமா தமாசுக்குத்தானுங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

"தமாசுன்னு எனக்குத் தெரியுமுங்க தம்பி. அவங்களுக்குத் தெரியலீங்களே."

குடோன்

முதலாளி மேலே வந்தார். சென்னியப்பனிடம், பாத்துப் பேசப்பா என்றார், அவ்வளவுதான். ஜமீலாவிடம் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "கொஞ்ச நாளைக்கு நீங்க குடோன்லயே இருங்கம்மா. மேல வர வேண்டாமுங்க. தப்பா நெனைக்காதீங்க." அவளும், சரீங்க என்றாள். என் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவங்க எதுக்குங்க கீழ போகோணும், பேசினவங்கல்ல போகோணும் என்று. முதலாளி கேட்டுக்கொண்டு பில் மேசைக்குப் போய்விட்டார்.

அந்தக் குடோனில் ஜன்னல் கிடையாது. ஒரு வாரம் வந்தாள். அப்புறம் வரவில்லை.

ஊர் அடங்கிய பிறகு கோட்டைமேட்டில் அவள் வீட்டைத் தேடிப் போனேன். சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். முன்பு வாங்கியதில் பாதிகூட வராத வேலை. மகளின் கல்யாணம் தள்ளிப் போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்களாம். எத்தனை நாள் என்று சொல்லவில்லையாம். சென்னியப்பன் அவள் வீட்டுத் தெரு முனை வரைக்கும் வந்து திரும்பிப் போனதையும் அவள்தான் சொன்னாள். முதலாளி மறுபடி மாடிக்கே கூப்பிடுகிறார், வா ஜமீலா, நான் பக்கத்திலேயே நிற்கிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, எனக்கு டீ போட எழுந்தாள்.

"வந்துருவேனுங்க அக்கா. ஆனா இனிமே நான் மூட்டையோட படியேறுனா, யாரும் ஒண்ணும் சொல்லாட்டியும், உக்காந்திருக்கறவங்க எந்திரிக்கறாங்களான்னுதானுங்க பாப்பேன்."

எங்கள் கடையில் சேலைக்குத்தான் விலை, சிரிப்பு சும்மா என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அதற்கும் ஒவ்வொரு தரமும் யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.