வெறும் தண்ணீர் சிவந்தது

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர். குடுவைகளையும் சோதனைக் குழாய்களையும் கழுவுவது வேலை. அதற்கு முன் எட்டு வருஷம் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் தேய்த்தவள். தேய்ப்பதில் அவளை யாரும் குறை சொன்னதில்லை. சொன்னால் சும்மா இருக்கும் வாயும் இல்லை அவளுக்கு.

இங்கே தற்காலிக வேலைதான். இரண்டு மாதத்தில் நிரந்தரமாக்குகிறேன் என்று கூடத்தின் தலைவி வாக்குக் கொடுத்திருந்தார். எல்லோரும் அவரை டாக்டரம்மா என்பார்கள். ஊசி போடத் தெரியாத டாக்டர். வேலை நிரந்தரமான மறுநாளே, பழைய பேட்டரி உடைக்கும் பட்டறைக்கு அவள் கணவன் முழுக்குப் போடுவதாகப் பேச்சு. அவனுக்கு அடிக்கடி வயிற்றைப் பிசைந்தது. கையெழுத்துப் போட்டால் பேனா ஆடியது.

டாக்டரம்மா உருவாக்கிக்கொண்டிருந்தது விரல் அகலத்தில் ஒரு பச்சைத் தாள். ஈயம் கரைந்த தண்ணீரில் நனைத்தால் சிவக்கும். தினமும் முதல் வேலை, எதுவும் கலக்காத வெறும் தண்ணீரில் ஒரு தாளை நனைப்பது. அது பச்சையாகவே இருந்தால்தான் அன்றைய சோதனைக்கு மதிப்பு. போன வாரம் கலவையை மாற்றித் தாளை முன்னைவிடப் பத்து மடங்கு கூர்மையாக்கினார். அன்றிலிருந்து வெறும் தண்ணீரிலும் தாள் சிவந்தது.

"அக்கா, கழுவுறீங்களா, இல்ல தண்ணியைக் காட்டிட்டு வெச்சிடுறீங்களா?" என்றாள் ஆராய்ச்சி மாணவி. இரண்டு வருஷ உழைப்பு கைவிட்டுப் போகிற எரிச்சல் அவளுக்கு.

"உன் மூஞ்சியே தெரியும் பாரு அதுல. நல்லா இல்லைன்னா நான் கழுவினது குத்தமில்ல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். அப்புறம் வேற ஆள்தான்."

அன்று முதல் கண்ணாடியக்கா குழாய்களை அமிலத்தில் இரண்டு மடங்கு நேரம் ஊறப்போட்டாள். மூன்று முறை அலசும் இடத்தில் ஆறு முறை அலசினாள். உலர்ந்த பிறகு ரப்பர் கையுறையைக் கழற்றிவிட்டு, குழாய்க்குள் சுண்டுவிரலை விட்டு ஈரம் நிற்கிறதா என்று தடவிப் பார்த்தாள். சமையலறைப் பழக்கம், கையுறைக்கு ஈரம் தெரியாதே. முன்பு பத்தில் ஒன்றுக்குள் போன விரல் இப்போது அத்தனைக்குள்ளும் போயிற்று. தாள் இன்னும் சிவந்தது.

வாரக் கடைசியில் டாக்டரம்மா அவள் பின்னால் நின்று கவனித்தார். விரல் உள்ளே போனதைக் கண்டார். பிரிக்காத பெட்டியிலிருந்து மூன்று புதுக் குழாய்களை எடுத்து, வெறும் தண்ணீர் ஊற்றி, மூவரும் ஆளுக்கொன்றில் விரல் நனைத்த பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு தாளை விட்டார். மாணவியுடையது பச்சை. டாக்டரம்மாவுடையதும் பச்சை. அவளுடையது ரத்தச் சிவப்பு.

"அடேயப்பா, நகக்கண்ணுல இருக்கறதைக்கூடப் பிடிச்சிருச்சே!" டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "வீட்டுக்காரர் என்ன வேலை?"

"பேட்டரி உடைக்கிறாரும்மா."

"அவர் துணியை யார் துவைக்கறது?"

"நான்தான். காலையில துவைச்சுப் போட்டுட்டுத்தான் வருவேன்."

"குழந்தை இருக்கா?"

"ஒரு பொண்ணு. நாலு வயசு."

"நல்லாப் பேசுறாளா?"

அவள் நனைந்த விரலைப் புடவையில் துடைத்தாள். "நாலஞ்சு வார்த்தை."

பட்டறையில் ஈயம் இருப்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் பட்டறை ஊரின் அந்தக் கோடி, ஆய்வுக்கூடம் இந்தக் கோடி. நடுவில் தன் கை இருப்பது தோன்றவில்லை.

"குழந்தைக்கு நாளைக்கே ரத்தம் எடுத்துப் பாருங்க. நீங்க இனிமே இங்க வரவேண்டாம்."

"கையுறையைக் கழட்டவே மாட்டேம்மா."

"துணி, தலைமுடி, எல்லாத்துலயும் இருக்கும். உங்களை வெச்சுக்கிட்டு நான் எதையும் அளக்க முடியாது."

குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இருக்கக்கூடாத அளவுக்கு இருந்தது. மருந்து தருகிறோம், ஆனால் வீட்டுக்குள் ஈயம் வருவது நிற்காவிட்டால் மருந்து வீண் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஈயம் கெடுத்த பேச்சு திரும்பி வராது என்பதையும் சொன்னார்கள்.

"வேலையை விட்டுடறேன்," என்றான் கணவன்.

"விட்டுட்டு? என் வேலையும் போச்சு. மருந்து சும்மாவா வரும்? அங்கேயே குளிச்சிட்டு, துணி மாத்திட்டு வாங்க."

"அங்க ஒரு குழாய்கூட இல்லை. கேட்டா முதலாளி, நீ என்ன புதுமாப்பிள்ளையாங்கறான்."

"அப்ப அங்கேயே படுத்துக்குங்க. எனக்கு வேற வேலை கிடைக்கிற வரைக்கும் வீட்டுக்கு வரவேண்டாம்."

"ஏழு வருஷம் உன்கூடக் குப்பை கொட்டினேன். துரத்துற, இல்ல?"

"ஆமா. துரத்துறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் தெருவின் எதிர்ப்பக்கம் வந்து நின்றான். குழந்தை "ப்பா" என்று வாசலைத் தாண்டி ஓடியது. அவள் எட்டிக் கையைப் பிடித்தாள். குழந்தை திமிறியது, கடித்தது, தரையில் விழுந்து புரண்டது. அவன் ஓர் அடி எடுத்து வைத்தான்.

"அங்கேயே நில்லுங்க!"

நின்றான். அவன் திரும்பித் தெருமுனை தாண்டும்வரை அவள் பிடியை விடவில்லை.