சிஸ்டமும் லேப்டாப்பும் மாரிசெல்வியும்

"எட்டு கொறையுதுங்க."

வெளியூர்க் கல்யாணத்திலிருந்து பைக்கில் வந்து அரைமணி நேரமாகியும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாத பேச்சிராஜா அப்படியே வாசலில் நிற்கிறார். அவர் கொண்டுவந்த லேப்டாப்பை மடியில் வாங்கி, பழைய பனியன் துணியால் தூசி துடைத்து, மேசையிலிருக்கும் பெரிய கம்ப்யூட்டரான சிஸ்டத்தோடு கேபிளால் இணைத்துவிட்டார் அவர் மனைவி மாரிசெல்வி. அரைமணி நேரம் அது ஓடி முடிந்தபின், இரண்டிலும் மொத்தப் படம் எத்தனை என்று பார்ப்பது வழக்கம். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வீட்டில் யாருக்கும் காப்பி கிடையாது.

"எட்டுதான? ரெண்டாயிரத்துல எட்டு போனா என்ன?"

"அந்த எட்டுல மாப்பிள்ளையோட தாய்மாமன் இருந்தாருன்னா? ஆல்பத்தத் தூக்கிட்டு இங்கன வந்து நின்னா பதில் சொல்லப்போறது நீங்களா, நானா?"

பேச்சிராஜா ஹெல்மெட்டோடு உள்ளே போய்விட்டார். அந்த எட்டையும் அவர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து, கேபிள் வழி வராத வேறு ஃபோல்டரில் போட்டுவைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

சங்கரன்கோவில் கழுகுமலை ரோட்டில் மருந்துக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் அவர்களுடைய போட்டோ ஸ்டுடியோ, பின்கட்டில் வீடு. மாடியில் நான் குடியிருக்கிறேன். எனக்கு வருகிற தபாலும் கேஸ் சிலிண்டரும் அவர்கள் கடையில்தான் இறங்கும். அவற்றை எடுக்கிற சாக்கில் நானும் அங்கே இறங்கிவிடுவேன். படம் எடுப்பது பேச்சிராஜா. ஊர் ஊராகப் போவது அவரும் லேப்டாப்பும். கடையில் இருந்து படங்களைச் சரிபார்த்து, வெளுத்த முகத்தைத் தேற்றி, ஆல்பம் கட்டுவது மாரிசெல்வி. வயது நாற்பத்து மூன்று. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடுவார். முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு பெயிண்ட் டப்பா, கைக்கு எட்டுகிற தூரத்தில் வலிக்குத் தேய்க்கிற தைலம். இவை இல்லாமல் அந்த நாற்காலியை நான் பார்த்ததில்லை.

இவர் கல்யாணங்களுக்குப் போவதில்லை. "எல்லாத்தையும் இங்கனயே பாத்துருதேன். அங்கன போயி வேற பாக்கணுமா?" என்பார். ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் யார் யாருக்கு உறவு, யார் யாரோடு பேச்சு வார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரே படத்தில் நிற்காமல் தப்பித்துக்கொண்டே இருந்தால் வயல் தகராறு என்று கண்டுபிடித்துவிடுவார். ஒருநாள் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவரை உற்றுப் பார்த்து, "நீங்க இளையரசனேந்தல் காதுகுத்துல சந்தனக்கலர் சட்ட போட்டு பந்திக்கு முன்னாடியே உக்காந்துட்டீங்கல்லா?" என்று கேட்க, அந்த மனிதர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாராம். இதை மாரிசெல்வியே சொல்லிச் சிரித்தார்.

இத்தனை படங்களில் அவருடைய படம் ஒன்றுகூடக் கிடையாது. கேட்டால், "என்னைய எடுத்தா யார் சார் அத கரெக்சன் பண்ணுதது?" என்றார்.

பதினொரு வருடப் படங்கள் அந்தச் சிஸ்டத்தில் இருக்கின்றன. கல்யாணம், சடங்கு, வளைகாப்பு, ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம், புது டிராக்டருக்கு மாலை போட்டது வரை. அதெல்லாம் லேப்டாப்பிலும் இருந்தாக வேண்டும். வெளியூர்க்காரர்கள், "நீங்க எடுத்ததக் காட்டுங்க" என்று கேட்பார்கள். போன இடத்திலேயே பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் படம் கேட்டு நிற்பார். அதனால் லேப்டாப்பில் புதிதாக வந்ததைச் சிஸ்டத்துக்கும், சிஸ்டத்தில் இருப்பதை லேப்டாப்புக்கும் கொண்டுசேர்க்க வேண்டும். இதற்கு 'சிங்க்' என்று பெயர். ஒரு புரோகிராம் அதைத் தானாகச் செய்கிறது. இதில் இல்லாதது அதில் இருந்தால் இங்கே கொண்டுவந்து வைக்கும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பேச்சிராஜா தூரத்து ஊர்களிலிருந்து பஸ்ஸில் வரும்போது பொழுது போகாமல், கண் மூடிய படங்களை லேப்டாப்பிலிருந்து அழிப்பார். சிஸ்டத்தில் அவை இருக்கும். கேபிளைச் செருகியதும் அத்தனையும் திரும்பி வந்துவிடும். இன்னொரு நாள் மாரிசெல்வி சிஸ்டத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து கழித்த படங்கள் லேப்டாப்பிலிருந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். கணவர் ஒரு ஃபோல்டருக்கு 'கல்யாணம் புதுசு' என்று பெயர் வைப்பார்; அடுத்த வாரம் 'கல்யாணம் புதுசு 2'. மனைவி தேதி, ஊர், பெண் பெயர் என்று எழுதி வைப்பார். ஒரே கல்யாணம் இரண்டு பெயரில் இரண்டு தடவை நடந்திருக்கும்.

"ஒன்னா இருந்தா ஒழுங்கா இருக்கும் சார். ரெண்டாயிட்டுல்லா" என்று கழுத்தைப் பிடித்துக்கொள்வார் மாரிசெல்வி. குடும்பத்தைச் சொல்கிறாரா கம்ப்யூட்டரைச் சொல்கிறாரா என்று நான் கேட்டேன். "ரெண்டும் ஒரே பாடுதான்" என்றார்.

அவரிடம் எனக்கு மரியாதை வந்தது சிரிப்பில் அல்ல. இந்தத் தை மாதம் ஒரு காலையில் நடந்ததைப் பார்த்தபிறகுதான்.

சிலிண்டர் வந்திருந்தது. எடுக்கப் போனேன். கடைக்குள் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். மேலநீலிதநல்லூர்க்காரர், பெயர் தேன்மொழி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அழிச்சாச்சுன்னு சொன்னீங்களே அக்கா" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

விஷயம் இதுதான். நாலு வருடத்துக்கு முன்னால் தேன்மொழிக்குக் கல்யாணம் நடந்தது. படம் எடுத்தது பேச்சிராஜா. அந்தக் கல்யாணம் ஏழு மாதம்கூட நிலைக்கவில்லை. கோர்ட்டுக்குப் போய் முடிந்தது. அதற்குள் அவர் அப்பா பிச்சையாவும் இறந்துவிட்டார். போன ஐப்பசியில் தேன்மொழி தனியாகக் கடைக்கு வந்து, "ஆல்பம் அவன் வீட்ல கெடக்கு, அத நான் ஒன்னும் செய்ய முடியாது. இங்கன உள்ளதயாவது அழிச்சிருங்க அக்கா" என்று கேட்டிருக்கிறார். மாரிசெல்வி அவர் கண்ணெதிரிலேயே சிஸ்டத்திலிருந்து அழித்தார். லேப்டாப் அன்று பேச்சிராஜாவோடு இளையரசனேந்தலில் இருந்தது. வந்ததும் அதிலும் அழித்துவிடலாம் என்று நினைத்தார்.

சாயங்காலம் லேப்டாப் வந்தது. அன்று இரண்டு ஆல்பம் முடிக்க வேண்டியிருந்தது. பழக்கத்தில் பனியன் துணியால் துடைத்தார், கேபிளைச் செருகினார், அடுப்பில் பாலை வைக்கப் போய்விட்டார். லேப்டாப்பில் இருந்த தேன்மொழியின் கல்யாணம் ஒரு படம் விடாமல் சிஸ்டத்துக்குத் திரும்பி வந்தது. வந்து பார்த்தபோது இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தன. அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. நிம்மதியாகக் காப்பி குடித்தார்.

இப்போது தேன்மொழிக்கு இரண்டாவது கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீடு சிவகிரி. படம் எடுக்க அவர்கள் கூப்பிட்டனுப்பியது, போதாத காலம், பேச்சிராஜாவை. அவருக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. எந்த மண்டபத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் வரும் என்பது மட்டும் நிற்கும். நாலு நாளைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, 'மேலநீலிதநல்லூர் 2' என்கிற ஃபோல்டரைத் திறந்து ஓடவிட்டு, டீயைக் குடித்துக்கொண்டே அந்த வீட்டு ஜன்னலை நோட்டம் விட்டிருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா, "இது நம்ம வீட்டுக்கு வரப்போற பிள்ளைல்லா?" என்று கேட்டபிறகுதான் திரும்பிப் பார்த்தார். திரையில் வேறொருவன் பக்கத்தில் மாலையோடு தேன்மொழி.

முதல் கல்யாணம் நடந்தது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் தேன்மொழி மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: அந்தப் படங்கள் எதுவும் தன்னிடமும் இல்லை, ஸ்டுடியோவிலும் இல்லை, எல்லாம் அழித்தாயிற்று என்று.

"'அழிக்கணும்னு ஒனக்கு மனசு வரலியோ'ன்னு கேக்காரு அக்கா. மூணு நாளா போன எடுக்கல. நான் பொய் சொல்லிட்டேன்னு நெனைக்காரு."

பேச்சிராஜா வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். மாரிசெல்வி அவரைப் பார்க்கவில்லை. அவர் மேல் பழியைப் போட அருமையான சந்தர்ப்பம், விட்டுவிட்டார். கம்ப்யூட்டரையும் குற்றம் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நம்பர் சொல்லு. என் போன்லேர்ந்து போடுதேன்."

மணி போனது. மாப்பிள்ளை எடுத்தார்.

"தம்பி, சங்கரன்கோவில் ஸ்டுடியோலேர்ந்து பேசுதேன், பேச்சிராஜா வீட்டுக்காரி. வச்சிராதீங்க. இந்தப் பிள்ள போன ஐப்பசிலயே வந்து அழிக்கச் சொல்லிட்டா. அழிச்சிட்டேன்னு நான்தான் சொன்னேன். ரெண்டு மூணு எடத்துல இருந்தத ஒரு எடத்துலதான் அழிச்சேன். அது திரும்பி வந்துட்டு. நான் பாக்கல. அவ ஒங்ககிட்ட பொய் சொல்லல தம்பி. சொன்னதச் செய்யாம விட்டது நான்."

அந்தப் பக்கம் என்னவோ சொன்னார். "ம்", "சரி" என்று கேட்டுக்கொண்டு மாரிசெல்வி போனை வைத்தார்.

"என்ன சொன்னாரு?"

"அழிச்ச பெறகு ஒன்னையே பேசச் சொன்னாரு."

தேன்மொழி அப்போதுதான் உட்கார்ந்தார்.

முதலில் பீரோவிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, அதில் இருந்த பிரதியை மாரிசெல்வி அழித்தார். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் தெரியும். பிறகு சிஸ்டத்தில் அந்தக் கல்யாணத்தைத் திறந்தார். தேன்மொழி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரில் கைக்குழந்தைப் படங்களாக மாட்டியிருந்தன.

"நீ பாக்காண்டாம். நான் மட்டும் பாக்கேன்" என்ற மாரிசெல்வி சற்றுத் தயங்கி, "ஒங்க அப்பா படம் வீட்ல எது இருக்கு?" என்று கேட்டார்.

"ரேசன் கார்டுல உள்ளதுதான்."

"மணமேடைல அப்பா படம் வைக்கணும்லா?"

தேன்மொழி சுவரை இன்னும் ஒட்டி உட்கார்ந்தார். வேண்டும் என்று கேட்டால் அந்தக் கல்யாணத்தில் ஒரு படத்தை வைத்துக்கொண்டதாகிவிடுமே என்று அந்தப் பெண் பயந்திருக்க வேண்டும். அப்பாவையும் சேர்த்து விட்டுவிடத் துணிந்துதான் ஐப்பசியில் வந்திருக்கிறார். நான் சிலிண்டர் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாயிரத்துச் சொச்சம் படங்களில் எதைத் தேட வேண்டும் என்று மாரிசெல்விக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. நேராகப் போய் ஒன்றைத் திறந்தார். பிச்சையா மகளின் தலையில் கைவைத்து நிற்கிறார். பேச்சிராஜா ஏதோ கேலி சொல்லியிருக்க வேண்டும்; மனிதர் பல் தெரியச் சிரிக்கிறார். மகளையும், மகளுக்கு அந்தப் பக்கம் நின்றவனையும் விட்டுவிட்டு மாரிசெல்வி பிச்சையாவை மட்டும் வெட்டி எடுத்தார். தலையில் வைத்த கை வெட்டில் போய்விட்டது. தோளில் மகளுடைய மாலை ஒரு துளி ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் அழித்துச் சட்டையை நிரப்பினார்.

"அப்பா சிரிக்காங்களா அக்கா?" சுவரைப் பார்த்தபடியே கேட்டார் தேன்மொழி.

"நல்லா சிரிக்காரு."

அந்த ஒரு படத்துக்குத் தனியாக ஃபோல்டர் போட்டு, 'பிச்சையா, மேலநீலிதநல்லூர்' என்று பெயர் எழுதி இரண்டிலும் வைத்தார். அதன்பிறகு சிஸ்டத்துக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் இருந்த கேபிளைப் பிடுங்கி, சுருட்டி, தேன்மொழியின் கையில் கொடுத்தார்.

"இத நீ வச்சுக்க. நான் கேக்கது வரைக்கும் தராத."

இரண்டு திரையிலும் அந்தக் கல்யாணத்தைத் தேர்ந்தெடுத்தார். நிரந்தரமாக அழித்துவிடவா என்று இரண்டும் கேட்டன. லேப்டாப்பின் சார்ஜர் வயர் குட்டை. அது மேசையின் அந்தக் கோடியில் இருந்தது, சிஸ்டம் இந்தக் கோடியில். மாரிசெல்வி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். வலிக்கிற முதுகை வளைத்து, இரண்டு கைகளையும் எட்டிய மட்டும் விரித்து, இடது கை விரலை அதன்மேலும் வலது கை விரலை இதன்மேலும் வைத்து, ஒரே நேரத்தில் அழுத்தினார். திரைகள் காலியான பிறகும் வெகுநேரம் அந்த விரல்களை அவர் எடுக்கவில்லை.