கொடிக்குப் பின்னால் எத்தனை பேர்

அடுப்புப் புகையும் வியர்வையும் கலந்த ஒரு வாசம்... அதுதான் எங்கள் வீட்டுக் கொடியின் வாசம்.

சிவப்புத் துணி, மூங்கில் கம்பு. அடுப்புக்கு மேலே கூரையில் செருகி வைத்திருப்பார் அப்பா. ஊர்வலம் என்றால்தான் கீழே இறங்கும்.

திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊர். தெரு முழுக்க வயல் வேலைக்குப் போகிறவர்கள். கூலி கேட்டுப் போகிற ஊர்வலத்தில் சங்கத்துக் கொடியைப் பிடிப்பது அப்பாதான். அப்படிப் போன ஒரு நாள் லத்தி பட்டு, இடது மணிக்கட்டு கடைசி வரை சரியாகக் கூடவே இல்லை. அம்மாவுக்கு அந்தக் கொடியைக் கண்டாலே ஆகாது. "கொடி புடிக்கிறவனுக்குத்தான் மொத அடி. வேற யாருகிட்டயாச்சும் குடுங்க" என்பாள். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் விஷயம்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். கொடியோடு நடக்கும்போது திரும்பிப் பார்க்கவே மாட்டார். முன்னால் போகிறவன் திரும்பினால் பின்னால் வருகிறவனுக்கு பயம் வந்துவிடுமாம். அதனால் வீட்டுக்கு வந்ததும், கடைசி ஆளாக நடந்து வரும் பக்கத்து வீட்டு கோவிந்து மாமாவிடம் கேட்பார்.

"பின்னால எத்தன பேருடா இருந்தாங்க?"

"கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் ஆளுதாண்ணே."

பொய் என்று அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் கேட்பார். பாதிப் பேர் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு, கொடிக்குப் பின்னால் நின்றால் பெரிய பண்ணையில் நாளைக்கு வேலை கிடைக்காதே என்ற கவலை.

அது மாசி மாதம். அறுப்புக்கு மெஷின் இறக்கப் போகிறார்கள் என்று பேச்சு. எங்களுக்கு வருஷச் சாப்பாடே அறுப்பில் கூலியாக வரும் நெல்தான். திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்கு ஊர்வலம் என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். அப்பா போகக் கூடாது என்று அம்மா இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பஞ்சாயத்து டிவி ரூமில் படம் பார்க்க இடம் பிடித்து உட்கார்ந்திருந்தோம். படத்துக்கு முன்னால் ஏதோ விளையாட்டு நிகழ்ச்சி ஓடியது. எங்கோ வெளிநாட்டில், பனி கொட்டுகிற இடத்தில் போட்டி தொடங்குகிறது... ஒவ்வொரு நாடாகக் கொடி பிடித்து வருகிறார்கள். ஒரு ஆள் முன்னால், பின்னால் நடவுக்குப் போகிற கூட்டம் மாதிரி திமுதிமுவென்று ஜனம்.

"எப்பப்பா படம் போடுவான்?" என்று கோவிந்து மாமா கொட்டாவி விட்டார்.

அப்போதுதான் நம் நாட்டுக் கொடி வந்தது. குண்டுக் கோட்டு, காதை மூடிய குல்லாய், கொடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள். சிரித்தபடியே நேராகப் பார்த்து நடந்தார். அவருக்குப் பின்னால் இரண்டோ மூன்றோ பேர்... அவ்வளவுதான். அடுத்த நாட்டுக் கொடி வந்துவிட்டது.

"பாவம், பின்னால ஆளே இல்லையே" என்றாள் அம்மா.

டிவி ரூமில் யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். படம் போட்ட பிறகும் வரவில்லை.

மறுநாள் காலை அம்மா பழைய சோற்றைப் பிழிந்து வைத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டுக் கொடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றவள், கதவைச் சாத்தி நாதாங்கியைப் போட்டாள்.

"வாடி" என்றாள் என்னிடம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊர்வலம் கடைத்தெருவில் இருந்தது. ஊர்வலம் என்று சொல்வதே அதிகம். டீக்கடையைத் தாண்டும்போது இரண்டு பேர் நழுவினார்கள். வெயில், புழுதி. கோஷம் போட்டுப் போட்டு கோவிந்து மாமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு கட்டத்தில் யாருமே குரல் கொடுக்கவில்லை. அப்பாவின் செருப்புச் சத்தம்தான் கேட்டது.

அப்போது அம்மா கத்தினாள். "கூலிய பறிக்காதே." கோஷம் போடத் தெரியாத குரல்... வீட்டில் என்னைக் கூப்பிடுகிற அதே குரல்.

அப்பா நின்றார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை மட்டும் என்னால் இன்றைக்கும் எழுத முடியவில்லை. கம்பை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு மறுபடி நடந்தார்.

தாலுகா ஆபீசில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரமே மெஷின் வந்தது.

ஊர்வலம் போன அன்று ராத்திரி, கோவிந்து மாமாவிடம் அப்பா எதுவும் கேட்கவில்லை. அதற்கப்புறமும் கேட்கவில்லை.

இப்போது அப்பா இல்லை. நான் தஞ்சாவூரில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறேன். அங்கேயும் அநியாயத்துக்குக் குறைவில்லை. யாராவது ஒருத்தர் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினால் எல்லாரும் கட்டைவிரலைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். நானும்தான்... பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து கால் வலிக்கிறது, வேறென்ன சொல்ல.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் அதே மாதிரி பனியில் ஒரு தொடக்க விழா. நம் கொடியும் வந்தது. அம்மா பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தாள். இப்போது அவளுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை.

"நம்ம கொடி வருதும்மா" என்றேன்.

"பின்னால யாராச்சும் வர்றாங்களா?"

பனிக்கு நடுவே உற்றுப் பார்த்தேன்.

"ஒரே ஒரு பொண்ணு வருதும்மா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.